சாவி திரும்புகிறது, வண்டி எழவில்லை: இக்னிஷன் சுவிட்ச் கோளாறுகளை அறிகுறி பார்த்துக் கண்டுபிடித்தல்

செல்ஃப் எடுக்காத காருக்கு முதலில் பேட்டரியை மாற்றுவார்கள். அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் போடுவார்கள். அதன் பிறகும் வண்டி மக்கர் செய்தால்தான் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் இக்னிஷன் சுவிட்சின் நினைவு வரும். என் பழைய பெட்ரோல் காரிலும் பணம் இதே வரிசையில்தான் போனது. கடைசியில் பழுதாகி இருந்தது, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் கட்டையும் அதற்குள் கருகியிருந்த ஒரு செப்புத் தகடும்தான். அதற்குப் பிறகு வீட்டு வண்டிகளிலும் நண்பர்களின் வண்டிகளிலும் இதே கோளாறைப் பலமுறை பார்த்துவிட்டதால், எந்த அறிகுறிக்கு எதை முதலில் சோதிக்க வேண்டும் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இது சாவி போட்டுத் திருப்பும் கார்களுக்கு மட்டுமே பொருந்தும். பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டிகளின் வயரிங் வேறு.

## கை வைக்கும் முன்

ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப், 10 நம்பர் ஸ்பேனர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஆகியவை போதும். டெஸ்ட் லாம்பைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பில் இரண்டு வயரைப் பற்றவைத்துக்கொண்டால் ஆயிற்று. மீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு என்று கேட்கலாம். மீட்டர் தன் வழியே கரண்டை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. ஆகவே கருகிப்போன பாயின்ட்டில் (சுவிட்சுக்குள் உலோகமும் உலோகமும் தொடும் இடத்தில்) மயிரிழை அளவுக்குத் தொடர்பு மிச்சம் இருந்தாலும் அது 12 வோல்ட் என்று காட்டிவிடும். 21 வாட் பல்பு ஏறத்தாழ இரண்டு ஆம்பியர் இழுப்பதால், அதே இடத்தில் மங்கலாக எரிந்தோ எரியாமலோ உண்மையைச் சொல்லிவிடும். சுவிட்ச் கோளாறுகளில் பாதிக்குப் பாதி கண்ணில் படாமல் போவதற்கு, லோடு இல்லாமல் மீட்டர் வைத்துப் பார்ப்பதே காரணம் என்பது என் அனுபவம். ஆனால் இந்தப் பல்பை எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் ஏர்பேக்குக்கும் போகும் வயர்களில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

ஏர்பேக் உள்ள காரில் ஸ்டீயரிங்கைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். உள்ளே மஞ்சள் நிறக் கப்ளரோ (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகி) மஞ்சள் உறை போட்ட வயரோ தென்பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக்கினுடையது. அதைத் தொட வேண்டாம்.

சுவிட்சின் பின்புறம் பொதுவாக நான்கைந்து தடித்த வயர்கள் வரும். பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் வந்து நிற்பது பி, ரேடியோ போன்றவற்றுக்கு ஏசிசி, எஞ்சினுக்கும் மீட்டர் போர்டுக்கும் ஐஜி1, ஏசி புளோயர், வைப்பர் போன்ற கனமான லோடுகளுக்கு ஐஜி2, செல்ஃபுக்கு எஸ்டி. ஐரோப்பிய வண்டிகளில் இவற்றுக்கு எண்கள் இருக்கும்: 30 என்பது பேட்டரி, 15 என்பது இக்னிஷன், 50 என்பது செல்ஃப். வயரின் நிறம் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால், நிறத்தை நம்பாமல் அந்த மாடலின் வயரிங் படத்தை வைத்துக்கொள்வது நல்லது.

## அறிகுறி 1: சாவியைத் திருப்பினால் எதுவுமே எரியவில்லை

முதலில் சாவி இல்லாமலே எரியக்கூடியவற்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஹசார்ட் விளக்கும் உள்கூரை விளக்கும் எரியவில்லை என்றால் சுவிட்சை விட்டுவிடலாம்; கோளாறு பேட்டரியிலோ, அதன் டெர்மினலிலோ, மெயின் பியூஸிலோ இருக்கிறது. டெர்மினல் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றி, வெந்நீர் ஊற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்க வேண்டும். பேட்டரியின் வோல்டேஜை வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பார்க்க வேண்டும்: 12.6 வோல்ட் முழுச் சார்ஜ், 12.2 ஏறத்தாழ பாதி, 12-க்குக் கீழே என்றால் காலி.

ஹசார்ட் நன்றாக எரிகிறது, சாவிக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை என்றால் பியூஸ் பெட்டியில் இக்னிஷனுக்கு உரிய பெரிய பியூஸைப் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால் சுவிட்சின் பி வயரில் டெஸ்ட் லாம்பை வைக்க வேண்டும். அங்கே பல்பு எரியவில்லை என்றால் பியூஸ் பெட்டிக்கும் சுவிட்சுக்கும் இடையில் வயர் அறுந்திருக்கிறது. வீட்டு வாசலில் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்திருக்கவே வாய்ப்பு அதிகம். பி-யில் பிரகாசமாக எரிந்து, சாவியை ஆனில் வைத்தும் ஐஜி1-இல் எரியவில்லை என்றால் சுவிட்ச்தான் போயிருக்கிறது.

இதில் ஒரு விதிவிலக்கு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கியதைப் போல, வண்டிக்குள் இருக்கை மட்டத்துக்கு நீர் ஏறியிருந்தால் சாவியைத் திருப்பிப் பார்க்கும் வேலையே கூடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துப் போய் ஒர்க்ஷாப்பில் விட வேண்டும்.

## அறிகுறி 2: மீட்டர் போர்டு எரிகிறது, செல்ஃப் எடுக்கவில்லை

அதிகம் வருவதும், அதிகம் ஏமாற்றுவதும் இந்த அறிகுறிதான். சாவியை ஸ்டார்ட்டில் வைக்கும்போது என்ன சத்தம் கேட்கிறது என்பதை வைத்து மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

### டக டக டக என்று விடாமல் அடித்தால்

பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. செல்ஃப் எடுக்க முயலும்போது பேட்டரியின் இரண்டு முனைகளில் மீட்டரை வைத்தால் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. பேட்டரியில் 12 வோல்ட்டுக்குக் குறையாமல் நிற்கிறது, ஆனால் ஸ்டார்ட்டில் வைத்த உடனே மீட்டர் போர்டு முழுவதும் அணைந்துபோகிறது என்றால், அது டெர்மினலோ பாடி எர்த்தோ (பேட்டரி நெகட்டிவை வண்டியின் உடலோடு இணைக்கும் வயர்) ஆகும். சுவிட்சைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

### ஒரே ஒரு டிக், பிறகு மௌனம்

அந்த டிக் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரைப் பானெட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திக் கேட்கச் சொல்ல வேண்டும். பியூஸ் பெட்டியில் மெல்லிய டிக் மட்டும் என்றால் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) வேலை செய்கிறது, ஆனால் அதைத் தாண்டிக் கரண்ட் போகவில்லை. அதே எண் அச்சிட்ட, அதே எண்ணிக்கையில் கால்கள் உள்ள இன்னொரு ரிலே பெட்டியிலேயே இருக்கும். பல வண்டிகளில் ஹாரன் ரிலே அப்படிப்பட்டது. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தால் செலவே இல்லாமல் விடை கிடைத்துவிடும். டிக் சத்தம் எஞ்சினுக்குக் கீழே செல்ஃப் மோட்டாரிலிருந்து கனமாக வந்தால், சோலனாய்டு (செல்ஃப் மோட்டாரோடு சேர்ந்த காந்தச் சுவிட்ச்) இழுக்கிறது, மோட்டார் சுற்றவில்லை. அப்போது செல்ஃபைத்தான் கழற்ற வேண்டும்.

### சத்தமே இல்லை, அல்லது பத்து முறை திருப்பினால் ஒருமுறை எடுக்கிறது

இங்கேதான் சுவிட்ச் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது. ஆனாலும் எளியதிலிருந்தே தொடங்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியரைப் பார்க்கிலிருந்து (P) நியூட்ரலுக்கு (N) மாற்றித் திருப்பிப் பார்க்க வேண்டும். எடுத்துவிட்டால், கியர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கும் கியர் சுவிட்ச்தான் பழுது. கியர் வண்டிகளிலும் சில மாடல்கள் கிளட்சை முழுவதும் மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். பெடலுக்கு மேலே இருக்கும் சிறிய சுவிட்ச், அல்லது அதன் முனையில் இருந்து உதிர்ந்துபோன ரப்பர் துண்டு, பெரிய கோளாறுபோல நடிக்கும். மீட்டர் போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ மின்னிக்கொண்டே இருந்தால் இம்மொபிலைசர் (சாவிக்குள் இருக்கும் சிப்பைச் சரிபார்க்கும் திருட்டுத் தடுப்பு) சாவியை ஏற்கவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இவை எல்லாம் சரி என்றால் அளவெடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று. கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மீட்டரின் சிவப்புக் கம்பியைப் பேட்டரி பாசிட்டிவிலும் கருப்புக் கம்பியை செல்ஃப் சோலனாய்டில் வந்து சேரும் மெல்லிய வயரின் முனையிலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் சாவியை ஸ்டார்ட்டில் பிடிக்கச் சொல்ல வேண்டும். மீட்டர் அரை வோல்ட்டுக்குள் காட்டினால் சுவிட்ச் வழியாகப் போகும் பாதை நன்றாக இருக்கிறது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கேயோ கரண்ட் வீணாகிறது. என் வண்டியில் அது நான்கு வோல்ட்டைத் தாண்டியது, பேட்டரியில் 12.4 இருக்க, சோலனாய்டுக்கு எட்டு வோல்ட்தான் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. காலையில் குளிர்ந்த எஞ்சினில் அந்த எட்டு வோல்ட்டே போதுமானதாக இருந்ததால் வண்டி எடுத்துவிடும். ஓடி நின்ற சூட்டில் சோலனாய்டின் காயில் மின்தடை கூடிவிடுவதால், மதியம் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது மட்டும் மௌனமாகிவிடும். இரண்டு மாதம் இதைச் செல்ஃப் மோட்டாரின் குறை என்றே நினைத்திருந்தேன்.

பாதையில் குறை என்று தெரிந்துவிட்டால், அது சுவிட்சா வயரா என்று பிரிக்க மீட்டரைச் சுவிட்சுக்கே கொண்டுபோக வேண்டும். சிவப்புக் கம்பி பி-யில், கருப்புக் கம்பி எஸ்டி-யில், சாவி ஸ்டார்ட்டில், 0.3 வோல்ட் வரை மன்னிக்கலாம், 0.5-க்கு மேல் காட்டினால் சுவிட்சை மாற்ற வேண்டும். இங்கே குறைவாகவும் முழுப் பாதையில் அதிகமாகவும் காட்டினால் நடுவில் இருக்கும் ரிலே, கப்ளர், கியர் சுவிட்ச் ஆகியவற்றை ஒவ்வொன்றாக இதே முறையில் தாண்டிப் போக வேண்டும்.

மீட்டர் இல்லாதவர்கள் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு ஜம்பர் வயரைச் சோலனாய்டின் அந்த மெல்லிய முனையில் ஒரு கணம் தொட்டுப் பார்ப்பதுண்டு. செல்ஃப் சட்டென்று சுற்றினால் கோளாறு சுவிட்ச் பக்கம் என்று உறுதியாகிவிடும். வண்டி கியரில் இருந்தால் பாய்ந்து ஆளை மோதிவிடும் என்பதால், நியூட்ரலை இரண்டு முறை சரிபார்க்காமல் இதைச் செய்யக் கூடாது. ஃபேன் பெல்ட் பக்கம் கையையும் சட்டையையும் விடக் கூடாது. எந்தச் சோதனையிலும் செல்ஃபைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து பிடிக்காமல், அரை நிமிடம் ஆறவிட்டே அடுத்த முறை திருப்ப வேண்டும்.

## அறிகுறி 3: செல்ஃபில் எஞ்சின் பிடிக்கிறது, சாவியை விட்டதும் அணைகிறது

சாவியை விடும் அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது என்பதே இங்கே கேள்வி. விட்ட உடனே, விரலோடு ஒட்டியதுபோல அணைந்தால், ஆன் நிலையில் ஐஜி1 பாயின்ட் பிடிக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். ஓரிரு விநாடி ஓடிவிட்டு அணைந்து, பூட்டு விளக்கும் மின்னினால் அது இம்மொபிலைசர். பாயின்ட் வகை இக்னிஷன் உள்ள பழைய வண்டிகள் சிலவற்றில் காயிலுக்கு முன்னால் கரண்டைக் குறைக்கும் ஒரு பேலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கும். ஸ்டார்ட்டில் அதைத் தாண்டியும், ஆனில் அதன் வழியாகவும் கரண்ட் போவதால், ரெசிஸ்டர் அறுந்துபோனாலும் இதே அறிகுறிதான் வரும்.

ஐஜி1 வழியாகக் கரண்ட் வரும் ஏதாவதொரு பியூஸில் டெஸ்ட் லாம்பை வைத்துவிட்டு, சாவியை ஆன், ஸ்டார்ட், மறுபடி ஆன் என்று நிதானமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். திரும்பி வரும்போது பல்பு அணைந்தால், சாவியை ஒரு நூலளவு முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். ஓர் இடத்தில் பளிச்சென்று எரிந்து, கையை எடுத்ததும் மங்கினால் வேறு சோதனையே தேவையில்லை. பெட்ரோல் வண்டியாக இருந்தால் காதாலும் கண்டுபிடிக்கலாம். ஆனில் வைத்தவுடன் பின் இருக்கைக்கு அடியில் பெட்ரோல் பம்பு இரண்டு மூன்று விநாடி முனகிவிட்டு நிற்கும். சில நாள் அந்த முனகல் கேட்கிறது, சில நாள் கேட்கவில்லை என்றால் பம்பை மாற்றுவதற்கு முன் சுவிட்சையும் பம்பு ரிலேயையும் பார்த்துவிட வேண்டும்.

## அறிகுறி 4: ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் திடீரென்று அணைகிறது

முதலில் உயிர், பிறகு சோதனை. எஞ்சின் அணைந்தால் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக் பூஸ்டரில் ஓரிரு மிதிக்கு மட்டுமே வேக்குவம் மிச்சம் இருக்கும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி, ஹசார்ட் போட்டு, இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது சாவியைக் கடைசி வரை பின்னுக்குத் திருப்பவோ உருவவோ கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

அணைந்த நொடியில் மீட்டர் போர்டு எப்படி இருந்தது என்பதை நினைவுபடுத்திப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். முள்கள் எல்லாம் விழுந்து, விளக்குகளும் அணைந்து, ரேடியோவும் நின்றிருந்தால் மூலக் கரண்டே போயிருக்கிறது: சுவிட்ச், அதன் கப்ளர், பேட்டரி டெர்மினல் ஆகிய மூன்றில் ஒன்று. எஞ்சின் மட்டும் நின்று, மீட்டர் போர்டில் பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் சுவிட்ச் இல்லை. பெட்ரோல் பம்பையோ, சூடேறினால் செயலிழக்கும் கிராங்க் சென்சாரையோ (எஞ்சின் சுற்றுவதை உணரும் கருவி) தேட வேண்டும்.

மூலக் கரண்ட் போகும் வகை என்றால், வண்டியை நிறுத்தி ஐடிலில் ஓடவிட்டு, சாவியைத் திருப்பாமல் மேலும் கீழும், இடமும் வலமும் மெதுவாக அசைக்க வேண்டும். எஞ்சின் திக்கினால் சாவிக் கொத்தைக் கழற்றிவிட்டுத் தனிச் சாவியோடு ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம். வீட்டுச் சாவி, பீரோ சாவி, பித்தளை முருகன் எல்லாம் கோத்த கொத்து ஒவ்வொரு பள்ளத்திலும் சுவிட்சைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். இதைச் சில்லறை விஷயம் என்று ஒதுக்க முடியாது. 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஏறத்தாழ 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணமே, சாவி ஆனிலிருந்து தானாக வழுகி ஏசிசி-க்கு வந்து, எஞ்சினும் ஏர்பேக்கும் ஒருசேரச் செயலிழந்ததுதான்; அதனால் நேர்ந்த இறப்புகளில் 124-க்கு நிறுவனத்தின் நிதியிலிருந்து இழப்பீடு ஏற்கப்பட்டது. இந்த அறிகுறி ஒருமுறை உறுதியானால், சரிசெய்யும் வரை நெடுஞ்சாலைக்கு அந்த வண்டியை எடுக்கக் கூடாது.

## அறிகுறி 5: சாவி சுடுகிறது, கருகல் வாடை வருகிறது, புளோயர் மெதுவாகச் சுற்றுகிறது

ஏசியை முழு வேகத்தில் வைத்து அரை மணி நேரம் ஓட்டிய பிறகு சாவியின் தலை வெதுவெதுப்பாக இருந்தால், ஐஜி2 பாயின்ட் கருகத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். மூடியைக் கழற்றிக் கப்ளரை உருவினால் தெரிந்துவிடும்: ஒரு காலைச் சுற்றி மட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கும், அந்த வயர் வளையாமல் விறைத்து, நகத்தால் கீறினால் உறை உதிரும். புளோயரை முழு வேகத்தில் வைத்து பி-க்கும் ஐஜி2-க்கும் இடையே மீட்டர் வைத்தால் 0.3 வோல்ட்டுக்கு மேல் நிச்சயம் காட்டும்.

சுவிட்சை மட்டும் மாற்றிக் கருகிய கப்ளரை அப்படியே செருகினால், புதிய சுவிட்சும் சில மாதங்களில் அதே இடத்தில் கருகும். கப்ளரையும் வயர் முனையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். லோடு ஏன் கூடியது என்றும் பார்க்க வேண்டும்: இறுகிப்போன புளோயர் மோட்டாரா, அல்லது பிற்பாடு பொருத்திய ஃபாக் லாம்பும் ஆம்பிளிஃபயரும் சுவிட்ச் வயரில் கொக்கி போடப்பட்டிருக்கிறதா? அப்படிப்பட்டவற்றுக்குப் பேட்டரியிலிருந்து தனி பியூஸும் ரிலேயும் போட்டு இழுப்பதே முறை. பியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய பியூஸ் போடுவது, வயரையே பியூஸாக மாற்றுவதற்குச் சமம்.

புகை கண்டாலோ வயர் உறை உருகியிருந்தாலோ இதற்கு மேல் நாமே தோண்டக் கூடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனை வண்டி இருக்கும் இடத்துக்கு வரவழைக்க வேண்டும்.

## அறிகுறி 6: சாவியை விட்டும் செல்ஃப் நிற்கவில்லை

எஞ்சின் ஓடும்போதும் கிர்ரென்று இரைந்துகொண்டிருந்தால் சாவியை ஆஃப் செய்ய வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் 10 நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். தாமதித்தால் செல்ஃபும் ஃப்ளைவீல் பற்களும் போய்விடும். பிறகு சாவி ஸ்டார்ட்டிலிருந்து ஆனுக்குத் தானாகத் துள்ளித் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். சோம்பலாக நின்றால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. துள்ளித் திரும்பினால் செல்ஃப் ரிலேயை உருவிவிட்டு, நெகட்டிவைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ரிலே இல்லாமலும் செல்ஃப் சுற்றினால் சோலனாய்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றவில்லை என்றால் ரிலே அல்லது சுவிட்ச்.

## அறிகுறி 7: சாவியை எடுத்த பிறகும் ரேடியோவோ மீட்டர் போர்டோ எரிகிறது

மியூசிக் சிஸ்டம் பொருத்தியவர் வயரை மாற்றிக் கொடுத்திருப்பதுதான் இதற்கு முதல் காரணம். அதன் பியூஸை உருவினால் தெரிந்துவிடும். அப்படி இல்லை என்றால் சுவிட்சின் கப்ளரை உருவிப் பார்க்க வேண்டும். உருவியதும் அணைந்தால் சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றும் எரியவில்லை, ஆனால் இரண்டு நாள் நின்றால் பேட்டரி இறங்கிவிடுகிறது என்பவர்கள், நெகட்டிவ் வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, கம்ப்யூட்டர்கள் உறங்க அரை மணி நேரம் விட்டுப் பார்க்கலாம்; பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் வந்துவிட வேண்டும். அந்த நிலையில் சாவியைத் திருப்பினால் மீட்டரின் பியூஸ் போய்விடும்.

## அறிகுறி 8: சாவியே திரும்பவில்லை

இது மின்கோளாறு இல்லை என்றாலும் இதைச் சரிசெய்யப் போய் மின்கோளாறை வரவழைத்துக்கொள்பவர்கள் உண்டு. ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே திருப்பினால் பூட்டு விடுபடும். பிறகும் கடினமாக இருந்தால் கிராஃபைட் தூள் போட வேண்டும். எண்ணெய் விட்டால் தூசியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வழிந்து பாயின்ட்டுகளுக்கும் போய்ச் சேரும்.

## மாற்றும்போது

பல வண்டிகளில் சாவி போகும் பூட்டும் மின்சாரச் சுவிட்சும் தனித்தனி. பின்பக்கம் இரண்டு சிறிய ஸ்க்ரூவைக் கழற்றினால் சுவிட்ச் மட்டும் கையில் வந்துவிடும். பழைய சாவியே தொடரும். கடையில் லாக் செட் முழுவதையும் எடுத்து நீட்டினால், பின்கட்டை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். விலை வித்தியாசம் பெரிது. பழையதைப் பிரித்துப் பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து மூடுவது, ஊர் வந்து சேரும் வரை உதவும். அதற்கு மேல் அதை நம்ப முடியாது.

பூட்டையே மாற்ற வேண்டி வந்தால் அது தொழில்காரர் வேலை. ஸ்டீயரிங் குழாயோடு அதைப் பிணைக்கும் போல்ட்டுகளின் தலை, திருட்டைத் தடுக்க, இறுக்கும்போதே முறிந்துவிடும்படி செய்யப்பட்டிருக்கும்; அவற்றை உளி வைத்தோ துளையிட்டோ எடுக்க வேண்டும். இம்மொபிலைசர் உள்ள வண்டியில் புதிய சாவியைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்யும் கருவியும் வேண்டும். ஒர்க்ஷாப்புக்குப் போகும்போது நீங்கள் எடுத்த அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: பேட்டரியில் எவ்வளவு, சோலனாய்டில் எவ்வளவு, எஞ்சின் சூடாக இருந்ததா இல்லையா. அந்தத் தாள் கையில் இருந்திருந்தால், நான் அந்தச் செல்ஃப் மோட்டாரை இரண்டு முறை கழற்றிப் பூட்டக் கூலி கொடுத்திருக்க மாட்டேன்.